ஏழாவது குறுக்குத் தெரு

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். பதினோரு வருடமாக அங்கே அழைப்பு எடுப்பவள். குடித்துவிட்டு உளறுகிறவனோ, அழுகையில் பாதி வார்த்தையை விழுங்குகிறவளோ, பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசும் பெரியவரோ, யார் பேசினாலும் அவளுக்குப் புரிந்துவிடும். பக்கத்து மேசைக்காரி தனக்குப் பிடிபடாத அழைப்பு வந்தால், ஹெட்செட்டைக் கழற்றி இவளிடம் நீட்டிவிடுவாள். அந்தப் பக்கத்து மேசைக்காரியின் பெயர் வானொலி. தூங்கும்போதாவது அவள் வாய் மூடியிருக்குமா என்று அவள் கணவரிடம்தான் கேட்க வேண்டும்.

அந்த அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், மூன்று மணிக்குச் சற்று முன்னால் வந்தது. ஒரு பெண். கணவருக்கு நெஞ்சு வலிக்கிறது, சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கிறது, இப்போது கூப்பிட்டாலும் பதில் இல்லை என்றாள். பின்னால் யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் முகவரி கேட்டாள், அவள் சொன்னாள். இவள் தட்டச்சு செய்தபடியே திருப்பிச் சொன்னாள்: ஏழாவது தெரு, பதினெட்டாம் நம்பர், சரியா? "ஆமா, ஆமா, சீக்கிரம்" என்றது குரல்.

வண்டி ஏழு நிமிடத்தில் ஏழாவது தெரு பதினெட்டாம் எண் வாசலில் நின்றது. அது ஒரு பல் மருத்துவரின் வீடு. அங்கே யாருக்கும் நெஞ்சுவலி இல்லை. அந்தப் பெண்ணின் எண்ணுக்கு இவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு ஆண் குரல் எடுத்து, இது ஏழாவது குறுக்குத் தெரு, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், இன்னும் வண்டி வரவில்லையே என்று கத்தியது. வண்டி திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் பதினான்கு நிமிடம் வீணாகியிருந்தது. உள்ளே போன பணியாளர்களுக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை.

மூன்றாவது வாரம் விசாரணை நடந்தது. ஒரு மேசை, மூன்று அதிகாரிகள், ஒரு ஒலிபெருக்கி. அந்த அழைப்பின் பதிவை மூன்று தடவை போட்டார்கள்.

முதல் தடவை, அன்றைக்குக் கேட்டதையேதான் கேட்டாள். இரண்டாவது தடவை, ஏழாவது என்ற சொல்லுக்குப் பின்னால், அந்த வீட்டு இரைச்சலுக்கு அடியில், ஏதோ ஒன்று நெளிந்தது. மூன்றாவது தடவை அது என்னவென்று தெரிந்துவிட்டது. குறுக்கு. அது மட்டுமில்லை. இவள் முகவரியைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் மறுபடியும் "குறுக்கு" என்கிறாள். இவளுடைய குரல் அதன் மேலேயே ஏறிப் போகிறது. அந்த ஆமா, ஆமா இவளுக்குச் சொன்னதே இல்லை. வாயைத் திருப்பிக்கொண்டு, அறையில் இருந்த வேறு யாருக்கோ சொன்னது. சீக்கிரம் என்றது மட்டும் இவளுக்கு.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேருக்கும் அப்படிப்பட்ட காது இல்லை. நடுவில் இருந்தவர் பொத்தானை அழுத்தி நிறுத்தினார்.

"முகவரியைத் திருப்பிச் சொல்லியிருக்கீங்க. அழைச்சவங்க ஆமான்னு உறுதி பண்ணியிருக்காங்க. விதிப்படி உங்க மேல தப்பில்ல. நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல சார்" என்றாள்.

அவ்வளவுதான். வெளியே வந்து, காத்திருந்த வானொலியின் கையால் ஒரு காபி வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வேலைக்கு வந்தாள்.

அழுகை வரவில்லை. வரும் என்று அவளும் எதிர்பார்த்தாள், அவள் கணவனும் எதிர்பார்த்தான். அவன் தரைக்கு ஓடு பதிக்கிறவன். அதிகம் பேசமாட்டான். வேலைக்குப் போன இடத்திலிருந்து மதியம் ஒரு தடவை கூப்பிட்டு, "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். சாப்பிட்டேன் என்பாள். சாப்பிட்டிருக்கவும் செய்வாள். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது அவளுக்கு, ஆனால் உடம்பு முழுக்க. ஒருநாள் குளித்துவிட்டு வந்தபோது மகள்தான் பார்த்து, "அம்மா, கால் ஏன் இப்படிச் செவந்திருக்கு?" என்று கேட்டாள். தண்ணீர் அத்தனை சூடு என்று அப்போதுதான் தெரிந்தது. பள்ளியில் என்ன நடந்தது என்று மகள் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்பாள். முடிந்ததும் ஒரு சொல்கூட மனதில் நின்றிருக்காது. வேலையில் மட்டும் ஒவ்வொரு முகவரியையும் மூன்று தடவை கேட்டாள். "எத்தனை வாட்டிம்மா சொல்றது?" என்று மக்கள் திட்டினார்கள். அவளை யாரும் பாம்புக்காது என்று கூப்பிடுவதில்லை. யாரும் பேசிவைத்துக்கொண்டு நிறுத்தவில்லை, தானாக நின்றுபோனது.

அவள் ஜெபிக்கத் தெரிந்தவள். சின்ன வயதிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை. ஒரு பட்டியல் உண்டு. கணவனின் முதுகுவலி, மகளின் கணக்கு மதிப்பெண், தம்பியின் கல்யாணம், சபையில் சுகமில்லாதவர்கள், அன்றைக்கு அழைக்கப்போகிறவர்கள் என்று வரிசையாகச் சொல்லி ஆமென் போட்டுவிட்டு எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் நாத்தனார் வீட்டில் ஜெபக்கூட்டம். நாத்தனார் கண்ணை மூடி ஆரம்பித்தால் உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்குவாள். அந்த வெள்ளிக்கிழமை இவள் தலையில் கைவைத்து, குற்றமில்லை என்று தீர்ப்பு வரப்பண்ணின தேவனுக்கு நன்றி சொல்லி, இவளுக்குச் சமாதானம் வேண்டும் என்று கேட்டாள். போதகரும் அதையே சொன்னார்: பாரம் இறங்கியாச்சு, துதி செய்யுங்கள். இவள் ஆமென் என்றாள். கையை எடுத்த பிறகும் தலையில் அந்தக் கனம் அப்படியே இருந்தது.

வீட்டில் முழங்காலில் நின்றால் பட்டியல் பாதியில் அறுந்தது. அதனால் காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் தேவாலயத்துக்குள் நுழைந்து உட்காரத் தொடங்கினாள். ஆறு மணிக்குக் காவலாளி கதவைத் திறப்பார். கடைசிக்கு முந்தின பெஞ்சு. அங்கே விளக்கு எரியாது, யாரும் வந்து விசாரிக்க மாட்டார்கள். பத்து நிமிடம். முதல் சில வாரம் பட்டியலையே சொல்லிப் பார்த்தாள். ஒருநாள் தம்பியின் பெயரில் நின்றுபோனது. அடுத்ததைத் தேடி எடுக்கத் தோன்றவில்லை.

"எனக்கு ஒண்ணும் வரல ஆண்டவரே" என்றாள், வாய்க்குள்ளேயே. "நீர் பேசும்."

அவர் பேசவில்லை. மறுநாளும் இல்லை. அவள் கேட்டதெல்லாம் கூரையில் புறா நடப்பதையும், காவலாளி வாளியில் தண்ணீர் பிடிப்பதையும், திருப்பத்தில் பேருந்து கியர் மாற்றுவதையும்தான். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று அப்படியே போனது. ஒரு ஆறுதலும் இல்லை, பெரிதாய் ஒரு வேதனையும் இல்லை. ஏன் போகிறாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. அழைத்தவர் பேசாமல் இருந்தால் நீயாக இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது அவள் வேலையில் கற்றுத்தரும் முதல் பாடம். அந்தப் பழக்கமாகக்கூட இருக்கலாம்.

ஜெபம் வறட்சியாக இருக்கிறது என்று நாத்தனாரிடம் ஒருதரம் சொன்னாள். நாத்தனார் இன்னும் உரக்க ஜெபிக்கச் சொன்னாள். கணவனிடம் சொன்னபோது அவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஓடு பதிச்சா மறுநாள் வரைக்கும் மேல நடக்கக் கூடாது. நடக்கலாமா நடக்கலாமான்னு கேட்டா ஒட்டாது" என்றான். அது ஜெபத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று அவனுக்கும் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை. போனாள், உட்கார்ந்தாள், எழுந்து வேலைக்குப் போனாள்.

ஏழு மாதம் கழிந்த ஒரு நாள் காலை, அப்படி உட்கார்ந்திருந்தபோது அந்தச் சொல் வந்தது. வானத்திலிருந்து வந்த குரல் இல்லை. ஒலிபெருக்கியில் கேட்டதேதான், அந்தப் பெண்ணின் குரலேதான். குறுக்கு.

அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். மறுநாளும் அதே. அதற்கு அடுத்த நாளும். சமாதானம் கேட்டவளுக்கு இதுவா என்று கோபம் வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அந்தக் கோபம். மூன்று வாரம் தேவாலயத்தின் பக்கமே போகவில்லை. பேருந்தில் நேரே வேலைக்குப் போனாள். அப்படிப் போகும்போது ஒருநாள் மேம்பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றது. கீழே வரிசையாகக் கூரைகள். அவற்றில் எதற்குள்ளோ அந்தப் பெண் இருக்கிறாள் என்று தோன்றியது. அப்போதுதான் வேறொன்றும் உறைத்தது. விசாரணை முடிவை ஒரு காகிதத்தில் எழுதியிருப்பார்கள். அழைத்தவர் முகவரியை உறுதிசெய்தார் என்று. அந்தக் காகிதத்தின் ஒரு பிரதி அந்த வீட்டுக்கும் போயிருக்கும்.

மறுநாள் கடைசிக்கு முந்தின பெஞ்சுக்குத் திரும்பினாள். அந்தச் சொல் வந்தபோது எழுந்து போகவில்லை. அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதமாக அவர் பேசாமல் இருக்கவில்லை, இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் என்று பட்டது. நடுங்கவில்லை, உருகவில்லை. மேற்பார்வையாளரிடம் என்ன சொல்வது என்று மட்டும் யோசித்தாள்.

மேற்பார்வையாளர் கெட்ட மனிதர் இல்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோப்பு மூடியாகிவிட்டது, ஆறின புண்ணைக் கிளறி யாருக்கு என்ன லாபம், அன்று அத்தனை இரைச்சலில் யாருக்குத்தான் கேட்டிருக்கும் என்றார். வேண்டுமென்றால் எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்று முடித்தார். எழுதிக் கொடுத்தாள். பதிவில் எந்தெந்த நொடியில் அந்தச் சொல் வருகிறது என்பதையும் எழுதினாள். அழைத்தவரை நேரில் பார்த்து இதைச் சொல்ல அனுமதி வேண்டும் என்று கடைசி வரியில் கேட்டிருந்தாள்.

அன்று மாலை கணவனிடம் சொன்னாள். அவன் நகத்தில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"வேலை போயிட்டா?"

"போகட்டும்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. ஆனா சொல்லாம இருக்கவும் முடியல."

அவன் இன்னொரு நகத்தையும் சுரண்டி முடித்தான். "சரி, நான் இருக்கேன்ல" என்றான்.

பதில் வர நாலரை மாதம் ஆனது. கடிதம் ஒவ்வொரு மேசையிலும் ஓய்வெடுத்தது. ஒரு மேசையில் காணாமலே போய், மறுபடி ஒரு நகல் கொடுக்க வேண்டியிருந்தது. அறையில் செய்தி கசிந்ததும் சிலர் அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். இவள் ஒருத்தி யோக்கியமாகப் போய் எல்லாருடைய பழைய பதிவுகளையும் தோண்டவைத்துவிடுவாளோ என்ற பயம். வானொலி மட்டும் எப்போதும்போல மூச்சுவிடாமல் பேசினாள், இந்த விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும். அந்த நாலரை மாதமும் இவள் காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்தாள். சீக்கிரம் முடித்துவையும் என்று கேட்கலாமா என்று நினைப்பாள். கேட்கவில்லை. கேட்டால் மறுபடி பட்டியல் ஆரம்பித்துவிடுமோ என்று இருந்தது.

சந்திப்பு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், பயிற்சி வகுப்பு நடக்கும் அறையில். ஒரு அதிகாரி ஓரமாகக் கோப்போடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் தனியாக வந்தாள். இவளைவிடச் சில வயது மூத்தவள். துணிக்கடையில் காற்சட்டைகளுக்கு நீளம் குறைத்துத் தைப்பவள். சேலை முந்தானையில் ஒரு குண்டூசி செருகியிருந்தது. கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இந்த விவரமெல்லாம் அவளே சொன்னாள், ஏதோ வேலைக்கு மனுச் செய்ய வந்தவள்போல. பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னைக் கூப்பிட்டு என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியல. நானும் ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. எங்க வீட்டுக்கு வர்ற எல்லாரும் முதல்ல ஏழாவது தெருவுக்குத்தான் போவாங்க. அதனால அவர் எப்பவும் சொல்லுவார், குறுக்குன்னு ரெண்டு தடவை அழுத்திச் சொல்லுன்னு. கேஸ் சிலிண்டர் கேட்டாலும் ரெண்டு தடவை சொல்லுவேன். அன்னிக்கு மட்டும் சொல்லாம விட்டுட்டேனா? நான் ஆமான்னு சொன்னதா பேப்பர்ல இருக்கு."

அதிகாரி தலை நிமிர்ந்து பார்த்தார். அன்று இணைப்பு தெளிவாக இல்லை என்ற அளவில் பேசினால் போதும் என்று படியேறும்போது அவர் சொல்லியிருந்தார்.

"சொன்னீங்க" என்றாள் இவள். "ரெண்டு தடவை சொன்னீங்க. முதல் தடவை எனக்குக் கேக்கல. ரெண்டாவது தடவை நீங்க சொல்லும்போது நான் பேசிட்டிருந்தேன். அந்த ஆமா நீங்க எனக்குச் சொன்னதில்ல. உங்க மேல தப்பே இல்ல. விசாரணையில பதிவு போட்டப்பவே எனக்குத் தெரிஞ்சது. ஏதாவது சொல்லணுமான்னு கேட்டாங்க. இல்லன்னுட்டேன்."

அந்தப் பெண் அசையவில்லை. மன்னிச்சிடுங்க என்று சொல்ல இவள் வீட்டிலேயே ஒத்திகை பார்த்திருந்தாள். அது தொண்டை வரை வந்தது. ஆனால் எதிரில் இருந்தவள் எதையோ உள்ளே அடுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதன் மேல் மறுபடியும் பேசிவிடக் கூடாது என்று காத்திருந்தாள். சுவர்க்கடிகார முள் நகர்ந்தது. அதிகாரி கனைத்தார்.

"கதவு தொறந்திருக்கான்னு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்" என்றாள் அந்தப் பெண் கடைசியில். "அதுக்குத்தான் ஆமா சொல்லியிருப்பேன்." பிறகு அழுதாள். சத்தமில்லாமல், முகத்தை மூடாமல், நீண்ட நேரம். எழுந்து போகும்போது இவளைப் பார்த்து, "ஒரு வருஷத்துக்கு மேல" என்றாள். திட்டினாளா, வேறெதுவுமா என்று இவளுக்குத் தெரியவில்லை. மன்னிச்சிடுங்க என்று படியிறங்குகிற முதுகிடம்தான் சொன்னாள். அது காதில் விழுந்திருக்காது.

கோப்பைத் திறந்து முடிவைத் திருத்தினார்கள். அழைத்தவர் சொன்னது சரி, பதிவுசெய்தவர் தவறவிட்டார் என்று. விசாரணையில் மறைத்ததற்காக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்கு அழைப்பு எடுக்கக் கூடாது என்று சொல்லி, வண்டிகளுக்கு ஆக்சிஜன் உருளையும் கட்டுத்துணியும் அனுப்பும் பிரிவுக்கு மாற்றினார்கள். தரைத்தளத்தில் ஜன்னலில்லாத அறை. அவள் முறையிடவில்லை. நாத்தனாருக்கு மனசு ஆறவில்லை. அவ்வளவு ஜெபித்து வாங்கின விடுதலையை இப்படிக் கையால் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாயே என்றாள். இவள் கோபித்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வழக்கம்போலப் போனாள். யாராவது தங்கள் கஷ்டத்தைச் சொல்லும்போது அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். கொஞ்சநாளில் பெண்கள் கூட்டம் தொடங்கும் முன்பே அவள் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

இதனால் மரத்துப்போனது விட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. காலையில் எழுந்தால் உடம்பு இன்னும் வேறு யாருடையதோ போலத்தான் இருந்தது.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டாள் அந்தப் பெண். உங்கள் நம்பரை அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன் என்றாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சொட்டு மருந்து விட்டால் ரெண்டு மூன்று மணி நேரம் எதுவும் தெரியாதாம், கூட ஒரு ஆள் வரவேண்டுமாம். மகன் தூரத்தில் இருக்கிறான். "தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டா வழியெல்லாம் எனக்காக உச்சுக் கொட்டுவாங்க" என்றாள். "நீங்க பேசாம வருவீங்கன்னு தோணிச்சு."

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். நீளமான தாழ்வாரம், சுவரோடு நாற்காலிகள், எல்லார் கையிலும் எண் எழுதிய அட்டை. செவிலி வந்து சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். கண்ணை மூடியபடியே அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். கணவரைப் பற்றி. அவர் விடும் குறட்டையைப் பற்றி. ஒரு தடவை பள்ளிச் சுற்றுலாவில் அவர் பேருந்திலேயே தூங்கிப்போக, வண்டி பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் ஆசிரியரைக் கூட்டி வந்தார்களாம். எஞ்சின்ல ஏதோ சத்தம் வருது சார் என்று. இவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த பிறகுதான் வந்தது தெரிந்தது, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "அவரும் சிரிப்பார் அதுக்கு."

பிறகு அவள் கேட்டாள்: "அன்னிக்கு உங்க கழுத்துல சிலுவை பாத்தேன். நீங்க ஜெபம் பண்றவங்கதானே? எனக்குன்னு என்ன கேப்பீங்க?"

"கேக்கறதை விட்டு ரொம்ப நாளாச்சு" என்றாள் இவள். "காலையில போய் சும்மா உக்காந்திருப்பேன்."

"ஏதாவது கேக்குமா?"

"எப்பவாவது."

அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப எனக்கும் சேத்து உக்காருங்க."

உள்ளிருந்து அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் கையை நீட்டினாள், இவள் பிடித்துக்கொண்டாள். அறை வரைக்கும், நடுவில் நிறுத்தியிருந்த தள்ளுவண்டியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். வலது கண்ணில் புரை என்றார் மருத்துவர். பயப்பட ஒன்றுமில்லை, ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு வந்துவிடுங்கள், கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும் என்றார். தேதியை இவள்தான் குறித்துக்கொண்டாள்.